மேம்படுத்தினால் ஏன் மெதுவாகிறது? - கணினி வேகத்தின் ஒரு சிறு வரலாறு

புது விண்டோஸ் போட்டால் கணினியும் புதுசு மாதிரி ஓடும் என்று நம் ஊரில் பலருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. போட்டுப் பார்த்தவர்கள் சொல்லும் கதையோ வேறு. ஒரு நிமிடத்தில் திறந்துகொண்டிருந்த கணினி ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. சுட்டியை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "வைரஸ் வந்திருக்கும்" என்பார் ஒருவர். "மெஷின் பழசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்பார் இன்னொருவர்.

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல நண்பர்களே. இதற்கு முப்பது வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரியும். பெரும்பாலான நேரம் இயந்திரம் கெட்டுப்போவதில்லை; இயந்திரத்திடம் கேட்கப்படும் வேலைதான் ஒரே நாளில் கூடிவிடுகிறது. எந்த வேலை கூடியது, எந்த உறுப்பு திணறுகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களான நமக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

விர்த் சொன்ன விதி

பாஸ்கல் என்ற நிரல்மொழியை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்துக்காரரான நிக்லாஸ் விர்த். 2024 ஜனவரி 1 அன்று காலமானார். அவர் 1995ல் மென்பொருள்கள் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று மன்றாடி ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் மெதுவாவதுதான் அதிக வேகத்தில் நடக்கிறது என்பது அதன் சாரம். இந்தக் கருத்தைச் சொன்னவர் தன் சக ஆய்வாளர் மார்ட்டின் ரைசர் என்று விர்த் குறிப்பிட்டிருந்தாலும், உலகம் அதை விர்த் விதி என்றே அழைக்கிறது.

அந்தக் கட்டுரை வந்த அதே வருடம் ஆகஸ்ட் 24ம் தேதி விண்டோஸ் 95 வெளியானது. அதற்குத் தேவையான குறைந்தபட்ச நினைவகம், அதாவது ராம், வெறும் 4 எம்பி. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பிக்கு 64 எம்பி. 2007ல் வந்த விஸ்டாவுக்கு 512 எம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பன்னிரண்டே வருடத்தில் 128 மடங்கு! அதற்காக அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நாம் 128 மடங்கு வேகமாகத் தட்டச்சு செய்யவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் இதை வெறும் கொழுப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கூடிய வேலைகளில் நமக்கு மிகவும் வேண்டியவையும் இருந்தன. அதற்கு நம் தமிழே சாட்சி.

தமிழுக்காக மேம்படுத்திய காலம்

விண்டோஸ் 98 காலத்தில் கணினியில் தமிழ் படிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. ஒருவர் டிஸ்கியில் எழுதுவார், இன்னொருவர் தாப் முறையில் எழுதுவார், மூன்றாமவர் தானே ஒன்று செய்துவைத்திருப்பார். எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் கோழி கிண்டிய மாதிரி குறிகள்தான் வரும். யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டும் வசதியும், லதா என்ற எழுத்துருவும் விண்டோஸ் 2000லும் அடுத்து வந்த எக்ஸ்பியிலும்தான் இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தன. எக்ஸ்பியில்கூட அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டு, குறுந்தகட்டைச் செருகிய பிறகுதான் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும். எ-கலப்பை போன்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால் ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழில் எழுதலாம்.

ஆக, 2003, 2004 வாக்கில் தமிழில் எழுத ஆசைப்பட்டவர்களுக்கு மேம்படுத்தல் ஒரு தேவையாக இருந்தது. விலையும் கொடுத்தார்கள். 98க்காக வாங்கிய 64 எம்பி கணினியில் எக்ஸ்பியைப் போட்டால் அது முக்கி முனகும். காகிதத்தில் 64 எம்பி போதும் என்றுதான் இருந்தது. ஆனால் 128 எம்பியைத்தான் மைக்ரோசாப்டே பரிந்துரைத்தது.

அப்போது பிரவுசிங் சென்டர்களில் இதற்கு ஒரு கைவைத்தியம் செய்வார்கள். எக்ஸ்பியின் பச்சை ஸ்டார்ட் பொத்தான், நிழல், வழுக்கிக்கொண்டு திறக்கும் பட்டியல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பழைய 98 மாதிரி சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஓடும். இந்தச் சின்ன வைத்தியத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மேம்படுத்தலில் நமக்கு வேண்டியது ஒன்று, கூடவே வருவது பத்து. வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தத் தெரிந்தவர் பிழைத்துக்கொண்டார்.

தமிழக அரசு தமிழுக்கான குறியீட்டுத் தரமாக யூனிகோடையும் அனைத்து எழுத்துக் குறியீட்டு முறையையும் அறிவித்தது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான். அதற்குப் பல வருடம் முன்பே சாதாரண பயனர்கள் தங்கள் கணினியின் வேகத்தை விலையாகக் கொடுத்து அந்த மாற்றத்தைத் தொடங்கிவிட்டார்கள்!

ஒட்டுச்சீட்டு கிளப்பிய வழக்கு

மேம்படுத்தியதும் மெதுவானது என்ற புகார் உலகம் முழுக்க ஒரே குரலில் கேட்டது விஸ்டா காலத்தில்தான். 2007 ஜனவரி 30 அன்று அது கடைகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடமே, எக்ஸ்பி போட்டு விற்ற கணினிகளில் "இது விஸ்டாவுக்குத் தகுதியானது" என்று பொருள்படும் ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்டது. 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்பி ராம் இருந்தால் சீட்டு கிடைத்துவிடும். ஆனால் விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற ஏரோ திரை அந்தக் கணினிகள் பலவற்றில் வராது. அடிப்படைப் பதிப்பு மட்டும்தான் ஓடும். இன்டெலின் 915 என்ற பழைய சிப்செட்டையும் உள்ளே சேர்க்கும்படி தகுதி விதிகள் தளர்த்தப்பட்டது பின்னால் வெளிவந்தது.

வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. 2007ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2008ல் மைக்ரோசாப்டின் உள் மின்னஞ்சல்கள் வெளிவந்தபோதுதான் வேடிக்கை. அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவரே அந்தச் சீட்டை நம்பி 2,100 டாலருக்கு மடிக்கணினி வாங்கி, கடைசியில் அதை மின்னஞ்சல் பார்க்க மட்டும் வைத்திருப்பதாகப் புலம்பியிருந்தார். 2009ல் அது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொதுவான வழக்கு என்ற தகுதியை நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. சட்டப்படி வழக்கு நீர்த்துப்போனாலும் ஒரு விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குறைந்தபட்சத் தேவை என்பது நிறுவ முடியுமா என்பதற்கான பதில். நிம்மதியாக வேலை செய்ய முடியுமா என்பதற்கான பதில் அல்ல.

விஸ்டாவின் மெதுத்தன்மைக்கு ஒட்டுச்சீட்டு மட்டும் காரணமில்லை. கோப்புகளை எல்லாம் படித்து அட்டவணை போடும் தேடல் வசதி, அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றும் சூப்பர்ஃபெட்ச் என்று பின்னணி வேலைகள் நிறைய. கோப்பை நகலெடுக்கும் முறையிலும் கோளாறு இருந்தது. அதை 2008ல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் திருத்தினார்கள். 2009 அக்டோபர் 22ல் வந்த விண்டோஸ் 7ல், திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்தையும் வரைவதற்குப் பிடித்த நினைவகத்தைச் சுமார் பாதியாகக் குறைத்தார்கள். விளைவு? விஸ்டாவில் திணறிய பல கணினிகள் 7ல் நன்றாகவே ஓடின. மனம் வைத்தால் புது இயங்குதளம் பழைய இயந்திரத்தை வேகமாக்கவும் முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

திருவள்ளூரில் தொடங்கிய கதை

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்றுதான் திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்த விழாவில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த அந்த மடிக்கணினிகள் அடுத்த எட்டு ஒன்பது வருடங்களில் 50 லட்சத்தைத் தாண்டின. உலக அளவிலேயே இது பெரிய எண்ணிக்கை. பல வீடுகளில் டிவிக்கு அடுத்தபடியாக நுழைந்த முதல் மின்னணுப் பெட்டி அதுதான். இன்றும் பல வீடுகளில் அது ஒன்றுதான் கணினி.

முதல் வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இயக்கினால் விண்டோஸ் 7 வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும். பாஸ் என்பது சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்திய லினக்ஸ். முதல் பதிப்பு 2007ல் வந்தது. பலரும் பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா சேர்த்துவைத்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. முறையான விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்கள் ஒரு வருடத்துக்குள் இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்றார்கள். இலவசம் என்றால் விடுவோமா? ஜியோ வருவதற்கு ஒரு வருடம் முந்தைய காலம் அது. மூன்று ஜிபி பதிவிறக்கம் என்பது பலருக்கு இரண்டு மூன்று மாத நெட் கார்டு. ஒருவர் இறக்கினால் பென் டிரைவில் பத்துப் பேருக்குப் போகும். போட்ட பிறகுதான் தெரிந்தது, படிப்புக்கென்று கிடைத்த பெட்டி படுத்துவிட்டது என்று. ப்ராஜெக்ட் அறிக்கை கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது வேர்டு திறக்க மறுத்தால் அந்த மாணவிக்கு எப்படி இருக்கும்? வேறு கணினி வாங்க வீட்டில் பணம் கேட்கவும் முடியாது.

மற்ற நாடுகளிலும் இதே கூத்துதான். கலிபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒரு பெண்மணி, தன் அனுமதியில்லாமல் விண்டோஸ் 10 இறங்கி அலுவலகக் கணினியை முடக்கிவிட்டது என்று வழக்குப் போட்டார். 2016ல் மைக்ரோசாப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டு அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

சரி, ஏன் படுத்தது? காகிதத்தில் விண்டோஸ் 10க்கு 32 பிட் என்றால் 1 ஜிபி ராம் போதும். விண்டோஸ் 7க்குச் சொன்ன அதே அளவு! அளவு மாறவில்லை, ஆனால் பின்னணியில் நடக்கும் வேலை மாறிவிட்டது. டிஃபெண்டர் ஒரு பக்கம் கோப்புகளைச் சோதிக்கும். தேடல் அட்டவணை புதிதாக உருவாகும். அப்டேட் தானே இறங்கும். கணினியைப் பற்றிய தகவல் மைக்ரோசாப்டுக்குப் போகும். இவை எல்லாம் ஒரே நேரத்தில் போய் நிற்கும் இடம் ஹார்ட் டிஸ்க்.

மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுபவை. அப்படியென்றால் நொடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும்; முள் நகர்வதற்கும் நேரம் பிடிக்கும். இரண்டையும் சேர்த்தால் தட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலை நொடிக்கு அறுபது எழுபது முறைதான் எடுக்க முடியும். ரேஷன் கடையில் எடை போடுபவர் ஒருவரே இருக்கும்போது ஐந்து வரிசை நின்றால் என்ன ஆகும்? அதேதான். இதில் 2 ஜிபி ராம் நிரம்பிவிட்டால் மிச்சத்தையும் அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே எழுதிவைத்துத் திருப்பிப் படிக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்பது இதனால்தான். பிராசசர் பாவம், சும்மா உட்கார்ந்திருக்கும்!

மேம்படுத்தாமலே இருந்தால்?

"அப்படியானால் பழசையே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்" என்று தோன்றும். தொழிற்பேட்டைகளில் இந்த யோசனை ரொம்பப் பிரபலம். கும்மிடிப்பூண்டி மாதிரி இரும்பு உருட்டாலைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த இடங்களில் லாரி எடை மேடைக்குப் பக்கத்து அறையிலோ, ஓர் இயந்திரத்தின் தலைமாட்டிலோ தூசி படிந்த எக்ஸ்பி கணினியை வெகுகாலம் பார்க்க முடிந்தது. அதைத் திட்டவும் முடியாது. இயந்திரத்தோடு பேசும் மென்பொருள் எக்ஸ்பிக்காக எழுதப்பட்டது. அதன் டாங்கிள் பழைய பிரிண்டர் துளையில்தான் செருகும். எழுதிக் கொடுத்த கம்பெனியே இன்று இருக்காது. கணினியை மேம்படுத்தினால் பல லட்சம் ரூபாய் இயந்திரம் ஊமையாகிவிடும் என்றால் யார்தான் கை வைப்பார்கள்?

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்டது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையின் உற்பத்தியும் அப்போது பாதிக்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதிகம் மாட்டியது எக்ஸ்பி அல்ல. விண்டோஸ் 7 கணினிகள்தான். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ல், கொடுத்துவிட்டது. "அப்டேட் போட்டால் மெதுவாகும்" என்று நிறுத்திவைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள்.

நம் ஏடிஎம்களும் இப்படித்தான். ஆதரவு முடிந்து நான்கு வருடம் கழித்து, 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆதரவில்லாத இயங்குதளங்களை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றியாக வேண்டும் என்று வங்கிகளுக்குக் கெடு வைத்தது.

ஆக மேம்படுத்தினால் வேகம் போகிறது, மேம்படுத்தாவிட்டால் பாதுகாப்பு போகிறது. இரண்டுக்கும் நடுவில் வழி தேடுவதுதான் இந்த வரலாறு முழுக்க நடந்துவரும் வேலை.

வேண்டுமென்றே செய்கிறார்களா?

புதுசு விற்பதற்காகப் பழசை மெதுவாக்குகிறார்கள் என்று ஒரு சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. முழுக்கக் கற்பனை என்று சொல்ல முடியாது. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைப்பதை ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. காரணம் நியாயமாக இருக்கலாம். ஆனால் வாங்கியவரிடம் முதலிலேயே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பலர் புது போன் வாங்காமல் பேட்டரியை மட்டும் மாற்றியிருப்பார்கள். 2018ல் இத்தாலி, மென்பொருள் மேம்படுத்தலால் பழைய போன்களை மெதுவாக்கியதற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. பிரான்சும் 2020ல் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

வேறு வகையும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரு ஓட்டைகள் பிராசசர்களின் வடிவமைப்பிலேயே இருப்பது வெளியானது. அடைக்க ஒரே வழி, வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. பழைய பிராசசரில் விண்டோஸ் 7, 8 ஓட்டுபவர்களுக்கு வித்தியாசம் தெரியும் என்று மைக்ரோசாப்டே சொல்லிவிட்டது. இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. இன்னொரு வகை வெறும் பிழை. 2021 அக்டோபர் 5ல் விண்டோஸ் 11 வந்தபோது ஏஎம்டி ரைசன் பிராசசர் உள்ள புத்தம் புதிய கணினிகளே மெதுவாயின. அதே மாதத்திலேயே திருத்தம் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

வரலாறு சொல்லும் வைத்தியம்

மேலே சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் வரிசையாக வந்துவிடும்.

1. முதலில் ஒரு நாள் விட்டுப் பிடியுங்கள். மேம்படுத்திய உடனே அட்டவணை போடுவதும் அப்டேட் இறங்குவதும் நடக்கும். சார்ஜரில் போட்டு சில மணி நேரம் விட்டாலே பாதி சரியாகும். முதல் நாளே முடிவு கட்டாதீர்கள்.

2. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க்கா, ராமா, பிராசசரா? இதைப் பார்க்காமல் செலவு செய்வது நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது மாதிரி.

3. டிரைவரைச் சோதியுங்கள். பழைய கிராபிக்ஸ் சில்லுக்குப் புது டிரைவர் இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அப்போது வீடியோ திணறும், சாளரம் இழுத்தால் கூடவே வராது. டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் நோய் அதுதான்.

4. தொடங்கும்போதே ஏறிக்கொள்ளும் மென்பொருள்களை நிறுத்துங்கள். நகரும் காட்சிகளையும் நிறுத்துங்கள். பிரவுசிங் சென்டர் வைத்தியம் இன்றும் பலிக்கும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

5. சி டிரைவில் காலி இடம் வையுங்கள். பழைய விண்டோஸ் ஒரு கோப்புறையில் அப்படியே பல ஜிபி பிடித்துக்கொண்டு சில நாள் கிடக்கும். திரும்பிப் போகப்போவதில்லை என்று உறுதியானால் டிஸ்க் கிளீனப் மூலம் நீக்கலாம்.

6. டிஸ்க்தான் 100 சதவீதம் என்றால், செய்யக்கூடியவற்றில் மிகப் பலன் தருவது ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. அதில் சுற்றும் தட்டோ முள்ளோ கிடையாது. நொடிக்கு அறுபது எழுபது முறை என்பது பல ஆயிரம் முறையாகும். பழைய மடிக்கணினிகளில் சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அதே இடத்தில் உட்காரும். எடுத்த ஹார்ட் டிஸ்க்கை ஓர் உறையில் போட்டால் யுஎஸ்பியில் செருகிப் பயன்படுத்தலாம். வேலையைத் தொடங்கும் முன் சான்றிதழ்கள், ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

7. ராம் கூட்டுவதற்கு முன் ஒரு விஷயம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. 32 பிட் விண்டோஸ் 10 நான்கு ஜிபிக்கு மேல் போகாது. 32 பிட்டிலிருந்து மேம்படுத்தினால் 32 பிட்டாகவேதான் வரும். இதைத் தெரியாமல் 8 ஜிபி வாங்கிப் போட்டால் பாதிக் காசு வீண். சிஸ்டம் பகுதியில் 64 பிட் பிராசசர் என்று இருந்தால், 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகுதான் கூடுதல் ராமால் பயன் உண்டு.

8. இத்தனைக்குப் பிறகும் முடியவில்லை என்றால் லினக்ஸ் இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய திரை கொண்ட பதிப்புகள் 2 ஜிபி கணினியிலும் நடமாடும். தமிழும் நன்றாகத் தெரியும். 2007 வாக்கிலேயே உமாசங்கர் தலைமையில் இருந்த எல்காட் தன் கணினிகளை லினக்சுக்கு மாற்றிக் காட்டியது. ஆகவே நம் மாநிலத்துக்கு இது புதிய வழி அல்ல.

யார் முடிவு செய்வது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் என்றார்கள். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் 4 ஜிபி ராம் மட்டும் போதாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2018க்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். 2011ல் நம் மாவட்டத்தில் கொடுக்கத் தொடங்கிய அந்த மடிக்கணினிகள் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் இந்த வாசலில் நுழைய முடியாது. எஸ்எஸ்டி போட்டு வேகமாக ஓடிக்கொண்டிருப்பவையும்கூட!

2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவிக்கப்பட்டது. இந்த முறை கேட்கப்பட்டது 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும். முதல் சுற்றில் கிடைத்த பாடம் யாருக்கோ நினைவிருக்கிறது என்று மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இவற்றுக்கும் ஒரு நாள் புது இயங்குதளம் வரும், வட்டம் சுற்றும், "பழசாயிடுச்சு" என்று யாராவது சொல்வார்கள்.

அப்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணினி பழசா இல்லையா என்று முடிவு செய்வது அதை விற்ற நிறுவனமோ, "தூக்கிப் போடு" என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல. அதை வைத்து என்ன வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்தான். ஒரு மாணவிக்குப் பாடம் படிக்கவும், தமிழில் நாலு பக்கம் எழுதவும், விண்ணப்பம் போடவும் ஒரு கணினி உதவுகிறது என்றால் அதற்கு இன்னும் வயதாகவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும், பாதிப் பேர் புதுசு வாங்க வேண்டியிருக்காது.